மானாவாரி உயிர்கள் – 17: கிளைதான் முதல் மருந்து

வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டத்துக்கு ஏற்றும்போதும், கண்மாய்க் கரையில் உடைமரத்தைக் கழிக்கும்போதும், ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குத் தார்ச்சாலையைக் கடக்கும்போதும்தான் பச்சோந்தி மனிதர் கண்ணில் படுகிறது. இலையோடு இலையாக இருக்கும்வரை அதைக் கண்டுபிடிப்பது கடினம். தரைக்கு வந்துவிட்டால் அதனால் ஓடித் தப்ப முடியாது. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் இப்படிச் சிக்கும் பச்சோந்திக்கு இரண்டு கதிதான். விஷப் பிராணி என்று பயந்து கல்லால் அடிப்பது ஒன்று. உண்மையில் அதற்கு விஷமே கிடையாது. ஆசையாகத் தூக்கிவந்து அட்டைப்பெட்டியிலோ பழைய மீன்தொட்டியிலோ வைத்து வளர்ப்பது இன்னொன்று. இதில் சாவு மெதுவாக வருகிறது. முதலில் கண் குழி விழுகிறது. பிறகு பகலிலேயே கண்ணை மூடிக்கொள்கிறது. பிடி தளர்ந்து, பெட்டியின் அடியில் படுத்துவிடுகிறது. அந்த நிலைக்கு வந்த ஒன்றைத் தேற்ற முடியுமா? சில சமயம் முடியும். ஆனால் நாம் வழக்கமாகத் தீனியிலும் மருந்திலும் தொடங்குகிறோம். தொடங்க வேண்டியது இடத்தில். பச்சோந்திக்கு வரும் நோயில் பெரும்பகுதி இடம் மாறியதால் வரும் நோய். ஆகவே இடத்தைச் சரிசெய்யாத எந்த வைத்தியமும் அதற்குப் பலிக்காது.

இதைப் புரிந்துகொள்ள அதன் உடம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாதத்திலும் ஐந்து விரல்கள். அவை இரண்டாகவும் மூன்றாகவும் ஒட்டிப்போய், குறடு போல எதிரெதிரே நிற்கின்றன. சுள்ளியைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே அமைந்த கால் அது. சமதரையில் அதற்கு வேலை இல்லை. வால் ஐந்தாவது கையாகக் கிளையைச் சுற்றிக்கொள்கிறது. கண்ணை இமை முழுவதுமாக மூடி, நடுவில் பாசிமணித் துளையளவு இடம் மட்டும் விட்டிருக்கிறது. ஒரு கண் மேலே பருந்தைப் பார்க்கும் நேரத்தில் இன்னொரு கண் கீழே வெட்டுக்கிளியைப் பார்க்கும். உடம்பைவிட நீளமான நாக்கு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பாய்ந்து இரையோடு திரும்புகிறது. இந்தியாவில் காட்டில் வாழும் பச்சோந்தி இனம் இது ஒன்றே. 1768-இல் லாரெண்டி இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது இலங்கையின் பெயரைச் சேர்த்து வைத்தார். நம் பழைய இலக்கியம் ஓந்தியைப் பாலை நிலத்தில் கண்டது. கிளையும் காற்றும் வெயிலும் நிழலும் சேர்ந்துதான் இந்த உடம்பு முழுமையாகிறது. அட்டைப்பெட்டியில் வைத்த அன்றே அதில் பாதியைப் பிடுங்கிவிடுகிறோம்.

முதலில் போவது தண்ணீர். “கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோமே, குடிக்கவில்லையே” என்பது எல்லோரும் சொல்லும் குறை. அசையாமல் கிடக்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் தண்ணீராகவே அறிவதில்லை. இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் அது தாகம் தீர்க்கிறது. மற்ற ஈரம் இரையின் உடம்பிலிருந்து கிடைக்கிறது. நிரம்பிய கிண்ணத்தின் பக்கத்திலேயே அது தாகத்தால் வற்றிப்போகும். இதற்குச் சாட்சி அதன் எச்சத்தில் இருக்கிறது. எச்சத்தோடு வெள்ளையாக ஒரு கட்டி விழும்; அது சிறுநீரின் உப்பு. அந்த வெள்ளை மஞ்சளாகி, ஆரஞ்சு நிறத்துக்குப் போனால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது, இலையுள்ள கிளையில் அதை ஏற்றிவிட்டு, ஸ்பிரே பாட்டிலால் இலைகள் மேல் தூறல் போலப் பொறுமையாகத் தெளிப்பது. பூச்சிமருந்து இருந்த பாட்டிலாக அது இருக்கவே கூடாது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து, நுரையீரலுக்குள் போய்விடும்.

“பட்டினி கிடந்த பிராணிக்கு முதலில் சோறு போடுவதுதானே தர்மம்” என்று கேட்கலாம். மனதளவில் சரியான கேள்வி. ஆனால் பூச்சி என்பது புரதம். புரதம் செரித்தால் யூரிக் அமிலம் உண்டாகும். அதை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும். நீர் வற்றிய உடம்பில் தீனியைத் திணித்தால் ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்தின் மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறோம். குளிர்ந்த உடம்பில் செரிமானமும் நடக்காது. பச்சோந்திக்குத் தன் உடம்பின் சூட்டை உள்ளிருந்து உண்டாக்கிக்கொள்ளும் சக்தி இல்லை. ஆகவே தண்ணீர், பிறகு இதமான சூடு, அதன் பிறகுதான் தீனி. அதுவும் அதன் தலை அகலத்தைத் தாண்டாத சிறு பூச்சிகள், கொஞ்சம் கொஞ்சமாக. மருந்தடித்த மிளகாய்க் காட்டிலோ பருத்திக் காட்டிலோ பிடித்த வெட்டுக்கிளியைக் கொடுப்பது நஞ்சைக் கொடுப்பதற்குச் சமம்.

அடுத்தது எலும்பு. முன்னங்கால் வில்லாக வளைவதும், தாடை ரப்பர் போல மெத்தென்று ஆவதும் கால்சியம் குறைந்ததன் அடையாளம். உணவிலிருந்து கால்சியத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டி3 வைட்டமின் வேண்டும். வெயிலிலுள்ள புறஊதா பி கதிர் தோலில் படும்போதுதான் அந்த வைட்டமின் உருவாகிறது. அது இல்லாதபோது, ரத்தத்தில் கால்சியம் குறைந்துவிடாமல் காக்க உடம்பு தன் எலும்பையே கரைக்கிறது. விதைநெல்லைக் குத்தி உலை வைக்கும் வீடு போல இன்றைய பாட்டுக்கு நாளையை அழிக்கிறது. கால்சியம் மேலும் குறைந்தால் தசை வலுவிழந்து நாக்கு பாய்வதும் நின்றுவிடும். இரை கண்ணெதிரே இருந்தும் எட்டிப் பிடிக்க முடியாது. “அதற்குப் பசியில்லை” என்று நாம் நினைப்பது பல சமயம் இதைத்தான்.

இங்கே நம் வட்டாரத்துக்காரர்கள் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்பார்கள்: வெயிலுக்கு இங்கே என்ன பஞ்சம்? ஆண்டில் பாதி நாள் காய்ச்சி எடுக்கும் ஊரில் ஒரு பிராணிக்கு வெயில் குறைபாடு வருமா? வரும். வெயில் ஊரில் இருந்தால் போதாது. தோலில் பட வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் அது வராது. சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், புறஊதா பி கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அப்படியென்றால் மீன்தொட்டியோடு தூக்கி முற்றத்தில் வைத்துவிடலாமா என்றால், அது அதைவிடக் கொடுமை. சித்திரை வெயிலில் கண்ணாடித் தொட்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். தேவைப்படுவது பாதி வெயிலும் பாதி நிழலுமாக, காற்றோட்டமுள்ள வலைக்கூண்டுக்குள் ஒரு கிளை. எவ்வளவு வெயில் என்பதை நாம் அளக்க வேண்டியதில்லை. மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்திகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. உணவில் டி3 குறைவாகக் கிடைத்தவை புறஊதா ஒளியை அதிகம் தேடிப் போயின. போதுமான அளவு கிடைத்தவை அதைக் குறைத்துக்கொண்டன. தனக்கு வேண்டிய அளவு அந்த உடம்புக்கே தெரிகிறது. நகர்ந்து தேர்ந்துகொள்ள இடம் கொடுப்பதுதான் நம் வேலை. மருந்துக்கடை மாத்திரையை உத்தேசமாகப் பொடித்துக் கொடுப்பவர்களிடம் இந்த நிதானம் இல்லை. டி3, ஏ வைட்டமின்கள் அளவுக்கு மிஞ்சினால் அவையே கொல்லும். அந்த அளவை ஊர்வன பற்றிப் படித்த கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

“பச்சை நிறம் திரும்பிவிட்டது, தேறிவிட்டது” என்று அவசரப்படுவதும் தவறு. சூழலுக்கு ஏற்ப நிறம் மாற்றி ஏமாற்றும் பிராணி என்று மேடைப்பேச்சு அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆனால் நிறமாற்றம் ஏமாற்று வேலை அல்ல. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து, தோல் உயிரணுக்களில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று காட்டினார்கள். பயம், சண்டை, இணைதேடல், குளிர், சூடு எல்லாமே அந்த நிறத்தில் தெரியும். குளிரில் கறுப்பது வெயிலை உறிஞ்ச. கடும் சூட்டில் வெளிறுவது வெயிலைத் தள்ள. நிறம் அந்தந்த நேரத்துப் பேச்சு. உடல்நிலைக்கு வேறு சாட்சிகளைத்தான் நம்ப வேண்டும். கண் இரண்டும் திரண்டு, தனித்தனியாகச் சுழல்கிறதா? நான்கு காலும் கிளையை இறுக்கிப் பிடிக்கின்றனவா? எச்சத்தோடு விழும் கட்டி வெள்ளையா? நாக்கு குறி தவறாமல் பாய்கிறதா? இந்த நான்குக்கும் ஆம் என்ற பதில் வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். வளைந்துவிட்ட எலும்பு நிமிராது. மேலும் வளையாமல் கெட்டிப்படும், அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு “நானே வைத்துத் தேற்றுகிறேன்” என்று சொல்லத் தோன்றும். நம் ஊர்ப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. வீட்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறைக்குச் சொன்னால் நம் மேலேயே வழக்கு வருமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அடிபட்டதைக் கண்டு அன்றே தகவல் சொல்வதும், மாதக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதும் ஒன்றாகாது. அதிகாரிகள் வரும்வரை நிழலில் ஒரு கிளை, இலைமேல் தண்ணீர்த் தூறல், தொந்தரவு இல்லாத அமைதி ஆகிய மூன்றையும் யாரும் கொடுக்கலாம். நகரங்களில் விலை கொடுத்து வாங்கிய ஏமன் பச்சோந்தியை வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அதைத் திறந்துவிடக் கூடாது. 2024-இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து, மேலே சொன்ன இடத்தை வீட்டிலேயே உண்டாக்கித் தரும் கடமை அவர்களுடையது. செயற்கைப் புறஊதா விளக்கு, தூறல் கருவி, வலைக்கூண்டு என்று பெரும் செலவு செய்து அவர்கள் உண்டாக்கப் பார்ப்பது வேறொன்றையும் அல்ல, ஒரு மரத்தைத்தான்.

கடைசியாக ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது. தேறிய பிறகு காட்டில் விட்டால் பருந்தும் பூனையும் லாரிச் சக்கரமும் கொல்லாதா? கொல்லலாம். நாக்கு பாயாத, பிடி வலுக்காத ஒன்றை விடுவது கொடுமைதான். அதை மருத்துவரும் வனத்துறையும் சோதித்தே முடிவு செய்ய வேண்டும். ஆனால் தேறிய ஒன்றுக்குக் காட்டின் ஆபத்தை எதிர்கொள்ளும் கருவிகள் எல்லாம் உடம்பிலேயே இருக்கின்றன. பெட்டியின் ஆபத்துக்கு அதனிடம் ஒரு கருவியும் இல்லை. நரிக்குடிக் காட்டு வேம்பில் வெயில் இருக்கிறது, நிழல் இருக்கிறது, மார்கழிப் பனி இருக்கிறது, பூச்சி இருக்கிறது. அந்தக் கிளையிலேயே அதை இருக்க விட்டிருந்தால் இந்த வைத்தியத்துக்கே வேலை இருந்திருக்காது. சாலையில் அடுத்த முறை ஒன்று ஆடி ஆடிக் கடப்பதைக் கண்டால், ஒரு நீளக் குச்சியை அதன் முன்னால் நீட்டுங்கள். அதுவே ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்துப் புதரில் குச்சியைச் சாய்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

(தொடரும்)