வர இயலாதவரின் பங்கு

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை)



2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது குருத்து ஞாயிறுக்கு இன்னும் 11 நாள்களே இருந்தன. நான் அப்போது ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கோயில் கதவைச் சாத்திவிட்டு, பீடத்துக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டோம். அதன்மேல் பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, ஓர் இளைஞரின் கைபேசியைச் சாய்த்து வைத்தோம். வெறும் பெஞ்சுகளைப் பார்த்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்லத் தொடங்கினேன்.

திருப்பலி முடிந்ததும் அந்த இளைஞர் கைபேசியைக் காட்டுவார். "ஃபாதர், இன்னைக்கு முந்நூறு பேர் பார்த்திருக்காங்க." மறுவாரம் நானூறு. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் ஊர்ப் பிள்ளைகள் வணக்கம் சொல்லி எழுதுவார்கள். எனக்கு மனநிறைவாக இருந்தது. பங்கு சிதறிப்போகவில்லை என்று நம்பினேன்.

அந்த ஆண்டு செப்டம்பரில் கோயில் கதவுகள் மீண்டும் திறந்தன. நாள் தவறாமல் காலைத் திருப்பலிக்கு வந்து மூன்றாவது தூணோரம் உட்காரும் ஒரு மூதாட்டியை மட்டும் காணவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கோயிலிலிருந்து நான்காவது தெரு. முட்டி வீங்கி, கட்டிலோடு இருந்தார். என்னைக் கண்டதும் கைகூப்பி, "ஸ்தோத்திரம் சாமி" என்றார். அவரிடம் இருந்தது பித்தான் வைத்த பழைய கைபேசி. பிள்ளைகள் வெளியூரில்.

"மணி மட்டும் கேட்டுது சாமி. மணி கேட்டா எழுந்து உக்காந்து செபமாலை சொல்லிக்குவேன். உள்ளே பூசை நடக்குதா, இல்லையான்னு சொல்றதுக்குத்தான் ஆளில்ல" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை குனிந்தது. ஐந்து மாதங்களாகப் பார்த்தவர்களின் எண்ணிக்கையை எழுதிவைத்திருந்த என்னிடம், பார்க்க வழியில்லாதவர்களின் பெயர்கள் இருக்கவில்லை.

அந்த நாள்கள் போய்விட்டன. ஆனாலும் திருப்பலியைத் திரையில் காணும் பழக்கம் நம்மோடு தங்கிவிட்டது. நோயாளிகள், முதியோர், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள், கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்மார்கள் எனப் பலர் இன்றும் வீட்டிலிருந்தே ஞாயிறு வழிபாட்டில் இணைகிறார்கள். அப்படி இணைவது சரியா, அது போதுமா, அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்று இன்று சிந்திப்போம்.

திரையும் வானொலியும் கொடைகளே

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நோயாலோ, வேறு தக்க காரணத்தாலோ கோயிலுக்கு வர இயலாதவர் ஞாயிறு கடனை மீறிய பாவத்துக்கு உள்ளாவதில்லை. இது திருஅவையின் போதனை. "பூசைக்குப் போக முடியலையே" என்று படுக்கையில் கிடந்து மனம் நோகும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். இயலாமை பாவமன்று.

வர இயலாதவர்களுக்கு வழிபாட்டைக் கொண்டுசேர்க்கும் கருவிகளையும் திருஅவை என்றும் கொடையாகவே பார்த்துவந்திருக்கிறது. 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினோராம் பயஸ் வத்திக்கான் வானொலியைத் தொடங்கிவைத்தார். அந்த நிலையத்தை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனி. தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலியே உண்டு, அசிசி நகர்ப் புனித கிளாரா. 1252ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், நோயுற்றுப் படுக்கையில் கிடந்த அவருக்கு, தொலைவிலிருந்த புனித பிரான்சிஸ் பேராலயத்தின் வழிபாடு காட்சியாகவும் பாடலாகவும் அருளப்பட்டது என்பது மரபு. அதை நினைவில் கொண்டே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.

2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்துவந்து, நற்கருணையை உயர்த்தி உலகுக்கு ஆசி வழங்கியதை நம்மில் பலர் வீட்டிலிருந்தே கண்டோம். கண்ணீரோடு முழந்தாளிட்டோம். அந்த ஆசி வெறும் காட்சியாக முடிந்துவிடவில்லை.

ஆனால் அதே திருத்தந்தை, சில வாரங்களுக்குள், ஏப்ரல் 17ஆம் நாள் சாந்தா மார்த்தா இல்லத்தில் ஆற்றிய மறையுரையில் நம்மை எச்சரித்தார். மக்களும் அருளடையாளங்களும் இல்லாமல், ஒவ்வொருவரும் தனித்தனியே இறைவனோடு கொள்ளும் உறவே போதும் என்று பழகிவிடுவது ஆபத்து என்றார். இப்போது நடப்பது இக்கட்டு நேரத்தின் ஏற்பாடு, சுரங்கவழிக்குள் இருக்கிறோம், அதிலேயே தங்கிவிடக் கூடாது என்பது அவர் சொன்னதன் பொருள்.

ஏன் அப்படி? நம் ஆண்டவர் மனித உடல் எடுத்தவர். தொழுநோயாளரைத் தொட்டார், சீடரின் பாதங்களைக் கழுவினார், அப்பத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தார். அருளடையாளங்களும் அப்படித்தான். திருமுழுக்குக்குத் தண்ணீர் நம்மேல் படவேண்டும். ஒப்புரவு அருளடையாளத்தைத் தொலைபேசியில் பெற முடியாது. நற்கருணையைத் திரையில் காணலாம், உட்கொள்ள முடியாது. யோவானின் இரண்டாம் திருமுகத்தின் முடிவைப் படித்துப் பாருங்கள். தாளும் மையும் கொண்டு எழுத இன்னும் நிறைய இருந்தாலும், நேரில் வந்து பேசவே விரும்புகிறேன், அப்போதுதான் மகிழ்ச்சி நிறைவாகும் என்கிறார். கடிதம் எழுதிக்கொண்டே கடிதத்தின் குறையைச் சொல்கிறார்.

பவுலடியாரும் அப்படியே. தெசலோனிக்கா மக்களைப் பிரிந்து ஏதென்ஸில் இருந்தபோது, அவர்கள் நிலை என்ன ஆயிற்றோ என்று அவரால் பொறுக்க முடியவில்லை. உடனே திமொத்தேயுவை அவர்களிடம் அனுப்பினார். திருமுகமும் எழுதினார், ஆளும் அனுப்பினார்.

வராதவருக்கும் ஒரு பங்கு

நம் முன்னோர் இதை எப்படிச் செய்தார்கள்? கி.பி. 155ஆம் ஆண்டை ஒட்டி, உரோமையில் வாழ்ந்த மறைசாட்சி புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டைப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விளக்கங்களுள் அது ஒன்று. நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள், மறைநூல் வாசிக்கப்படுகிறது, தலைவர் அறிவுரை கூறுகிறார், மன்றாட்டு எழுகிறது, அப்பமும் இரசமும் கொண்டுவரப்படுகின்றன. இன்றைய திருப்பலியின் அமைப்பு அப்படியே தெரிகிறது. அதன்பின் அவர் ஒன்றைச் சேர்க்கிறார்: கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்குரிய நற்கருணையைத் திருத்தொண்டர்கள் எடுத்துச் செல்கிறார்கள். அங்கே சேர்க்கப்படும் காணிக்கை அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குப் போகிறது.

கவனித்தீர்களா? ஞாயிறு வழிபாடு வந்தவர்களோடு முடிந்துவிடவில்லை. வராதவர் யார் என்று யாருக்கோ தெரிந்திருந்தது. அவருக்குரிய பங்கை யாரோ சுமந்து போனார்கள். நம் தமிழில் கோயிலைச் சார்ந்த மக்களைப் 'பங்கு' என்கிறோம். ஒருவருக்குச் சேரவேண்டிய பாகத்தையும் 'பங்கு' என்கிறோம். ஒருவருடைய பங்கு அவரிடம் போய்ச் சேராவிட்டால், நம் பங்கு முழுமையாகவில்லை.

அருகில் இன்னொரு சான்று உண்டு. 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின், கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய 30 ஆண்டுகள் அங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கு நிலையான குரு இல்லை. 1687இல் கோவாவிலிருந்து புனித யோசேப் வாஸ் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனாராம். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்து, மறைந்திருந்த விசுவாசிகளை அடையாளம் கண்டாராம். சில்லாலை ஊர் அவருக்குப் புகலிடம் தந்தது.

ஓர் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போனால், மறுபடி எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் மூப்பர், அண்ணாவியார் என்ற பொறுப்பில் பொதுநிலையினரை நம்பினார். குரு இல்லாத ஞாயிறுகளில் மக்களைக் கூட்டிச் செபிப்பதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தருவதும் அவர்கள் பணி. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி மக்கள் நோயாளிகளைக் கைவிட்டபோது, அவர் ஓடிப்போகவில்லை. சமயம் பாராமல் நோயாளிகளுக்குத் தம் கையால் பணிவிடை செய்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அந்த மக்களிடம் வானொலியும் இல்லை, கைபேசியும் இல்லை. ஊருக்கு ஒரு மூப்பர் இருந்தார். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டிலிருந்து இணைபவர்களுக்கு முதலில் சொல்கிறேன். கூடியவரை உங்கள் பங்கின் திருப்பலியில், அது நடக்கும் அதே நேரத்தில் இணையுங்கள். ஒரு மேசையில் சிலுவையும் மெழுகுதிரியும் வையுங்கள். சமையலுக்கு நடுவே காதில் விழும் பாட்டாக அது ஆகிவிடக் கூடாது. முடிந்தால் எழுந்து நில்லுங்கள், பதில்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். நற்கருணை நேரத்தில், ஆண்டவரே, உம்மை இப்போது அருளடையாளமாகப் பெற இயலவில்லை, என் உள்ளத்தில் வாரும் என்று உங்கள் சொந்தச் சொற்களில் கேளுங்கள். இதையே ஆன்மீக நற்கருணை என்கிறோம். இது நற்கருணைக்கு ஈடானது என்பதல்ல, அதன்மேல் உள்ள பசி. அந்தப் பசியைப் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். முதல் வெள்ளியிலோ, அவர் குறிக்கும் நாளிலோ நற்கருணை உங்கள் வீட்டுக்கு வரும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

உடல்நலத்தோடு இருந்தும் வீட்டுத்திரையே வசதி என்று பழகிவிட்டவர்களிடம் அன்போடு ஒன்று கேட்கிறேன். நீங்கள் வராததால் உங்களுக்கு மட்டும் இழப்பு என்று நினைக்கிறீர்களா? உங்கள் குரல் பாடலில் குறைகிறது. உங்களிடம் ஒரு சொல் பேசலாம் என்று வந்த ஒருவர் பேசாமலே திரும்பிப் போகிறார்.

அன்பியப் பொறுப்பாளர்களே, உங்கள் அன்பியத்தில் கோயிலுக்கு வர இயலாதவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பத்துப் பெயர்கூட இராது. ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் பொறுப்பேற்கட்டும். ஞாயிறு திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், இந்தப் பங்கு மடலைக் கையில் எடுத்துக்கொண்டு கால்மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். அன்றைய நற்செய்தியை வாசித்துக் காட்டுங்கள். கோயிலில் என்ன அறிவிப்பு, யாருக்குத் திருமண ஓலை வாசித்தார்கள், யாருக்காக மன்றாடினோம் என்று சொல்லுங்கள். மரியாயின் சேனையினர் இருவர் இருவராக வீடுகளைச் சந்திக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. அதை எல்லாருடைய பழக்கமாக்குவோம்.

இளையோரே, தாத்தா பாட்டிகளுக்குக் கைபேசியில் திருப்பலியைப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். மாதம் ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து செபியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, நம் ஊர்த் திருவிழாவைத் திரையில் காண்பது நல்லது. நீங்கள் இருக்கும் இடத்துக் கோயிலிலும் உங்கள் பெயர் தெரிந்த ஒருவராவது இருக்கட்டும்.

அந்த மூதாட்டியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அதன்பின் மாதந்தோறும் அவருக்கு நற்கருணை கொண்டுபோனோம். முதல் நாள் நற்கருணை பெற்று, சற்று நேரம் கண்மூடி இருந்தவர், பிறகு என்னிடம் கேட்டார்: "சாமி, பின்தெருவுல தையல்காரர் சம்சாரமும் இப்படித்தான் படுத்துக் கிடக்கு. அதைப் பார்த்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கே போனேன்.

அன்பார்ந்தவர்களே, இந்த ஞாயிறு கோயிலில் உட்காரும்போது உங்கள் இருபுறமும் பாருங்கள். முன்பு அங்கே உட்கார்ந்தவர் யார்? இப்போது எங்கே இருக்கிறார்? வீடு திரும்பும் முன் அவரைப் போய்ப் பாருங்கள்.

ஆண்டவரே, எங்களோடு வர இயலாத எங்கள் சகோதர சகோதரிகளை நாங்கள் மறவாதிருக்கச் செய்தருளும். அவர்களுக்குரியதை அவர்களிடம் கொண்டுசேர்க்க எங்கள் கால்களுக்கு வலுவைத் தாரும். ஆமென்.