முதல் நாவல்: கையெழுத்திடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆண்டுக்கணக்கில் உழைத்து நாவலை எழுதி முடித்தவர், 'போடுகிறோம்' என்று ஒரு பதிப்பாளர் சொல்ல மாட்டாரா என்று காத்திருக்கிறார். அந்தச் சொல் வந்ததும் நன்றியில் மனம் நிறைந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்திடுகிறார். பல சமயம் கையெழுத்துகூட இல்லை. வாய்ப்பேச்சிலேயே பிரதி கைமாறிவிடுகிறது. புதிய எழுத்தாளர்களின் இழப்பு தொடங்கும் இடம் இதுதான். புத்தகத்துக்குப் பணம் போடும் பதிப்பாளர் மரியாதைக்குரியவர். உழைப்பைப் போட்ட எழுத்தாளரும் அப்படித்தான். இருவரும் சமமாக உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய காரியம் இது.

உரிமை யாருடையது?

எழுதியவருடையது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக எழுதிய நாவலின் முதல் உரிமையாளர் எழுத்தாளரே. எழுதும்போதே அந்த உரிமை பிறந்துவிடுகிறது. அவர் ஆயுள் முழுவதும் இருந்து, மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வாரிசுகளிடம் நீடிக்கிறது. பதிவு கட்டாயமில்லை. ஆனால் ரூ.500 கட்டணத்தில் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்துவைத்தால், வழக்கு வரும்போது அது முதல்நிலைச் சான்றாக நிற்கும். பிரதியை மின்னஞ்சலில் அனுப்பி, அந்த அஞ்சல்களை அழிக்காமல் வைத்திருப்பதும் நல்ல பாதுகாப்பு.

முகவர் தேவையா?

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய பதிப்பகங்கள் பல, இலக்கிய முகவர் வழியாக வரும் பிரதிகளையே பார்க்கின்றன. முகவரின் கழிவு வழக்கமாக உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைகளில் 20 சதவீதம். அதுவும் எழுத்தாளருக்குப் பணம் வந்த பிறகுதான். பிரதியைப் படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்பவரை அங்கே நேர்மையான முகவராக யாரும் கருதுவதில்லை.

தமிழில் எழுத்தாளர் பெரும்பாலும் பதிப்பாளரிடம் நேராகவே போகிறார். முகவரின் தேவை, நாவல் வேறு மொழிக்குப் போகும்போதுதான் எழுகிறது. பெருமாள்முருகனின் 'பூக்குழி' ஆங்கில வடிவில் 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் தமிழக அரசு, மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பேசி முடிப்பதற்கென்றே சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கியது. மொழிபெயர்ப்பு உரிமைக்கு இன்று மதிப்பிருக்கிறது. அது யார் கையில் இருக்கப்போகிறது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பணம் கேட்பவர்கள்

சொந்தக் காசில் புத்தகம் போடுவதில் இழிவு ஏதும் இல்லை. நல்ல தமிழ்ப் புத்தகங்கள் பல அப்படி வந்தவைதான். ஆபத்து, பதிப்பகம் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, பிரதியைப் புகழ்ந்து, கடைசியில் 'ஒரு சிறு தொகை' கேட்பவர்களிடம் இருக்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டியவை: எத்தனை பிரதிகள் அச்சாகும்? அவை யாருடையவை? எந்தக் கடைகளுக்குப் போகும்? மெய்ப்பு பார்ப்பவர் யார்? கணக்கு எப்போது வரும்? பதில் எழுத்தில் வராவிட்டால் விலகிவிடுங்கள். முழுச் செலவையும் நீங்களே ஏற்கும்போது பதிப்புரிமையையும் சேர்த்துக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனிக் கட்டணம் போடுகிறவர்களும் உண்டு. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது; எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம்.

ஆள்மாறாட்டமும் நடக்கிறது. லண்டன் பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்த ஒருவர், பதிப்பாசிரியர்கள், முகவர்கள் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, வெளிவராத பிரதிகளை ஆயிரத்துக்கும் மேல் வாங்கிக் குவித்தார். 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முன்பின் தெரியாத முகவரியிலிருந்து பிரதி கேட்டு அஞ்சல் வந்தால், அந்தப் பதிப்பகத்தைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்த பிறகே அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, கொடுப்பவர் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்கிறது சட்டம். எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்தெந்த நாடுகளுக்கு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, அது காலாவதியாகிவிடும். ஆகவே 'பதிப்புரிமை முழுவதும், காலவரையின்றி, உலகம் முழுவதும்' என்ற வரியைக் கண்டால் நிறுத்திப் பேசுங்கள்.

அச்சு உரிமையை மட்டும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கொடுத்தால் போதும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், இணையத் தொடர் ஒவ்வொன்றையும் தனித்தனியே பேசுங்கள். ஒப்பந்தக் காலத்தில் நடைமுறையில் இல்லாத ஒரு புதிய ஊடகத்துக்கான உரிமை, வெளிப்படையாக எழுதப்பட்டால் ஒழிய, பதிப்பாளருக்குப் போகாது. இது 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த பாதுகாப்பு. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பிரதியைத் தரலாமா என்பதையும் இன்று எழுதி வைப்பது நல்லது.

ராயல்டி எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். ரூ.300 விலையுள்ள நாவல் 500 பிரதி விற்று, அட்டை விலையில் 10 சதவீதம் என்றால் ரூ.15,000 வரும். கடைக் கழிவு 40 சதவீதம் போக, பதிப்பாளர் கைக்கு வந்த தொகையில் 10 சதவீதம் என்றால் ரூ.9,000தான். ஆண்டுக்கு ஒரு முறை விற்பனைக் கணக்கு தர வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும்.

உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்பதையும் பாருங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் புத்தகம் என்றைக்கும் 'கைவசம் இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்க முடியும். ஆண்டு விற்பனை இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை எழுத்தாளரிடம் திரும்ப வேண்டும் என்று எண்ணிக்கை போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மீறல் நடந்தால்

முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்புங்கள். பதிப்புரிமை மீறலுக்கு, நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தடையாணை, இழப்பீடு, கணக்குக் காட்டச் சொல்லும் உத்தரவு ஆகியவை கிடைக்கும். தெரிந்தே மீறுவது குற்றமும்கூட: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம்வரை அபராதம். பெயரை நீக்கினாலோ, நற்பெயர் கெடும்படி பிரதியைச் சிதைத்தாலோ, உரிமையை விற்ற பிறகும் எழுத்தாளர் வழக்குத் தொடரலாம்.

பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போடாவிட்டால், அது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், உதவி எண் 1915. நீங்கள் வணிக நோக்கத்தில் செய்தீர்கள், அதனால் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ரசீது, அஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். இணைய மோசடி என்றால் உடனே 1930ஐ அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம், எண் 15100.

ஒப்பந்தம் கேட்பதால் நல்ல பதிப்பாளர் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அவரிடம் நாவலைக் கொடுக்க வேண்டாம் என்பதற்கு அதுவே போதுமான காரணம். எழுத்தாளர் அமைப்புகளும் பதிப்பாளர் சங்கமும் சேர்ந்து, எளிய தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தயாரித்து, புத்தகக் காட்சியில் எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும். முன்பே எழுத வந்தவர்கள் தங்கள் ஒப்பந்தங்களை இளையவர்களுக்குக் காட்டி விளக்க வேண்டும்.