சூசையப்பரின் பட்டறையும் நம் பிள்ளைகளும்

நாசரேத்து ஊரார் இயேசுவைத் தச்சர் என்றே அறிந்திருந்தனர் (மாற்கு 6:3). புனித பவுலும் கூடாரம் செய்யும் தொழில் செய்தார் (திப 18:3). 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். ஆனாலும் ‘பிள்ளை ஐ.டி.ஐ. படிக்கிறான்’ என்று சொல்ல நம்மில் பலர் இன்னும் தயங்குகிறோம்.

மதுரை கோ.புதூரில் உள்ளது போன்ற அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சி இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இதோடு மாணவியருக்குப் புதுமைப் பெண் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்கள் வழியாக மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. நம் திருச்சபை நடத்தும் பள்ளிகள் பல அத்தகையவையே.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஏழைப் பிள்ளையைத் தடுப்பது கட்டணம் அல்ல. கூலிக்குப் போனால் அன்றே கைக்கு வரும் பணம். உதவித்தொகையோ சேர்ந்த பிறகுதான் வரும். அதுவரை வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே!

அந்த முதல் மாதங்களைத் தாங்குவது நம் அன்பியங்களின் கடமை. விண்ணப்பிக்க, சான்றிதழ் வாங்க, வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைக்க நாம் துணைபோவோம். அக்குடும்பத்துக்கு அரிசி பருப்பு கொடுப்போம். அதுவும் காணிக்கையே. புனித சூசையப்பரே, எங்கள் இளையோருக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.