கால்சியம் மாத்திரையும் உணவுவழிக் கால்சியமும்

கால்சியம் அல்லது சுண்ணாம்புச்சத்து மனித உடலில் மிகுதியாகக் காணப்படும் கனிமமாகும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் உள்ளது. அதில் 99 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலும் சேர்ந்திருக்கிறது. எஞ்சியது தசை இயக்கம், நரம்புச் செயற்பாடு, குருதி உறைதல் ஆகியவற்றுக்கு உதவுகிறது. இச்சத்தை உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் பெறலாம். ஆனால் அது குருதியில் சேரும் வேகமும் அளவும் இரண்டிலும் ஒன்றல்ல. மாத்திரைகளின் பாதுகாப்புக் குறித்த கேள்விகள் இங்கிருந்தே எழுகின்றன.

தேவையான அளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. பாலூட்டும் தாய்மாருக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது 1200 மில்லிகிராம் ஆகும்.

உணவில் கால்சியம்

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும், அதே அளவு பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராமும் கால்சியம் உண்டு. தயிர், மோர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற சிறுமீன்கள் ஆகியவையும் நல்ல மூலங்கள். எனினும், உணவில் உள்ள அளவு முழுவதும் உடலில் சேர்வதில்லை. பாலில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு உறிஞ்சப்படுகிறது. பாலக் கீரையில் ஆக்சலேட் மிகுதி என்பதால் 5 விழுக்காடு அளவே உறிஞ்சப்படுகிறது.

மாத்திரை வகைகள்

கால்சியம் கார்பனேட்டில் 40 விழுக்காடும், கால்சியம் சிட்ரேட்டில் 21 விழுக்காடும் கால்சியம் உள்ளது. எனவே 1250 மில்லிகிராம் கார்பனேட் மாத்திரை தருவது 500 மில்லிகிராம் கால்சியமே.

சிறுநீரகக் கல்

கால்சியம் மிகுந்த உணவு சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. 1993இல் அமெரிக்காவில் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. உணவில் கால்சியம் மிகுதியாகப் பெற்றவர்களுக்குக் கல் உண்டாவது குறைவாக இருந்தது. உணவோடு வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டுடன் இணைந்து மலத்தோடு வெளியேறுவது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரைக்கு இப்பயன் இல்லை. 1997இல் வெளியான பெண்கள் பற்றிய ஆய்வில், மாத்திரை உட்கொண்டோருக்குக் கல் உண்டாகும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

எலும்பும் இதயமும்

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. ஒரு பகுதியினர் நாள்தோறும் 1000 மில்லிகிராம் கால்சியமும் வைட்டமின் டியும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பெற்றனர். இடுப்பெலும்பின் அடர்த்தி சற்றுக் கூடியது. ஆனால் இடுப்பு எலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது.

மாத்திரை உட்கொண்டபின் குருதியில் கால்சியம் சில மணிநேரம் உயர்கிறது. இது குருதிக்குழாய்களைப் பாதிக்கலாம் என்பது ஒரு கருத்து. நியூசிலாந்து ஆய்வாளர்கள் முன்னின்று 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், மாத்திரை உட்கொண்டோருக்கு மாரடைப்பு வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. பிற ஆய்வுகள் இதை உறுதி செய்யவில்லை. உச்ச வரம்புக்குள் பெறும் கால்சியத்துக்கும் இதய நோய்க்கும் தொடர்பில்லை என அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று 2016இல் அறிவித்தது. கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை.

மாத்திரை தேவைப்படுவோர்

கால்சியம் குறைவாக உண்ணும் கர்ப்பிணிகளுக்கு மாத்திரை இன்றியமையாதது. அது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தான முன்சூல்வலிப்பின் வாய்ப்பைக் குறைப்பதால் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. எலும்புப்புரை நோய்க்கு மருந்து எடுப்போர், தைராய்டு அறுவைக்குப்பின் கால்சியம் குறைந்தோர் ஆகியோருக்கும் மருத்துவர் இதைத் தரலாம். இவர்கள் பிறர் சொல் கேட்டுத் தாமாக நிறுத்துவது தீங்கு விளைவிக்கும்.

கவனிக்க வேண்டியவை

• ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாமல் பிரித்து உட்கொண்டால் நன்கு உறிஞ்சப்படும்.
• கார்பனேட் வகையை உணவோடு உட்கொள்ள வேண்டும். சிட்ரேட்டை எப்போதும் உட்கொள்ளலாம்.
• இரும்புச்சத்து மாத்திரையை வேறு வேளையில் உட்கொள்ள வேண்டும். தைராக்சின் மாத்திரைக்கு 4 மணிநேர இடைவெளி தேவை.
• அமெரிக்கப் பரிந்துரைப்படி உணவும் மாத்திரையும் சேர்ந்த உச்ச வரம்பு 50 வயது வரை 2500 மில்லிகிராம். அதற்குமேல் 2000 மில்லிகிராம்.
• சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரக நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடங்கக் கூடாது.