லயத்து வாசலில் திருச்சபை

1850-களில், இலங்கை மலைநாட்டில் கோப்பி தழைத்திருந்த நாட்களில், தோட்டத் துரைமார் சிலர் முன்னின்று ஒரு மிஷன் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயரே தமிழ்க் கூலி மிஷன். நடத்த வந்த செப்டிமஸ் ஹொப்ஸ், திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் கற்றவர். உபதேசிமாரும் அந்தச் சீமையிலிருந்துதான் வந்தார்கள். மிஷனரியின் செலவைச் சர்ச் மிஷனரி சங்கம் ஏற்றுக்கொண்டது. உபதேசிமாரின் சம்பளமோ துரைமார் கொடுத்த சந்தாவிலிருந்து வந்தது.

இந்தச் சந்தாக் கணக்கில்தான் அன்றைய ஊழியத்தின் பலமும் பலவீனமும் இருக்கின்றன. பகலெல்லாம் மலைப்பாதையில் தோட்டம் தோட்டமாக நடந்து வந்த உபதேசியார், ஆட்கள் வேலை முடிந்து திரும்பும் அந்தி நேரத்துக்காகக் காத்திருப்பார். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் காம்பராக்களில் அடுப்பு மூட்டிய பிறகு, வாசலில் நின்று வேதம் வாசிப்பார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். கடல் தாண்டி, காட்டு வழி நடந்து, கூட வந்தவர்களை வழியிலேயே பறிகொடுத்த ஜனங்களுக்கு, தம் ஊர்ப் பேச்சில் ஒருவர் வந்து நலம் விசாரித்ததே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சம்பளப் பாக்கியைப் பற்றியோ ஆள் சேர்த்து வந்த கங்காணியிடம் பட்ட கடனைப் பற்றியோ அவர் எப்படி வாய் திறப்பார்? துரை ஒப்பினால்தான் அவர் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியும். துரைமார் தாங்கள் தொழுவதற்கு வேறு கோயில் கட்டிக்கொண்டார்கள். 1878-இல் டிக்கோயாவில் எழுந்த வார்லி தேவாலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1948-இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பியது. 1973, 74-இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. அந்தக் காலத்தில்தான் ஊழியத்தின் திசை மாறியது. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972-இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கி, சிங்களவரையும் தமிழரையும் ஒன்றாக உட்காரவைத்துத் தோட்ட மக்களின் உரிமைகளைப் பேசினார். லயத்து வாசலில் நிற்பவர் கம்பெனியை நோக்கியும் அரசாங்கத்தை நோக்கியும் கேள்வி கேட்கலாம் என்பது அவரைப் போன்றவர்களால் வழக்கமாயிற்று.

2023-இல் இந்தத் தோட்ட மக்களின், அதாவது மலையக மக்களின், 200 ஆண்டு வரலாற்றை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். தேசிய கிறிஸ்தவ மன்றம் அதற்கு முன்னின்று உழைத்தது. முன்னோர் செத்து விழுந்த பாதையில் பேரப்பிள்ளைகள் நடந்தபோது, கேட்ட கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன.

பிறகு டித்வா புயல் வந்தது. 2025 நவம்பர் கடைசியில் நுவரெலியா, கண்டி, பதுளை மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 30. கெரோல் பயிற்சிக்குக் கூட வேண்டிய வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் அரிசி மூட்டை பிரிக்க வேண்டியதாயிற்று. பருப்பு, மா, பால்மா, போர்வை, பெண்களுக்கு வேண்டிய நப்கின், நனைந்துபோன அப்பியாசக் கொப்பிகளுக்குப் பதில் புதியவை: இப்படியான நேரத்தில் தேவைப்படுவது எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். லயத்துக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கைப்பிள்ளைக்காரி எந்தக் காம்பராவில் இருக்கிறாள், படியிறங்க முடியாத பாட்டி யார் வீட்டில் இருக்கிறாள் என்று பட்டியலைப் பார்க்காமலே சொல்வார்கள். பொதியைக் கொடுக்கும்போது முருகன் கோயிலுக்குப் போகிறவரா, சபைக்கு வருகிறவரா என்றும் கேட்பதில்லை. வெளியிலிருந்து வந்து செய்த ஊழியத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்பதே இந்தக் காலத்தில் நான் காணும் பெரிய மாற்றம்.

மாறாதது நிலம். தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம்; 1992 முதல் அதைக் கம்பெனிகள் நிர்வகிக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருப்பவரில் பெரும்பாலோருக்கு லயத்தைவிட்டுப் பாதுகாப்பான இடம் பார்த்து வீடு கட்டச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலம்கூடக் கிடையாது. பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனி முகவரிகூட இல்லை. கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் முகாமுக்கு ஓடுவதும், மழை விட்டதும் போக்கிடம் இல்லாமல் அதே சரிவுக்குத் திரும்புவதும் இவர்கள் தலையெழுத்து என்று விட்டுவிட முடியாது. நிவாரணப் பொதி ஒரு வாரத்துக்குப் போதும். அது தீர்ந்ததும் சபைகளின் வேலையும் தீர்ந்துவிடக் கூடாது. எந்தக் குடும்பம் எந்த லயத்துக்குத் திரும்பிப் போனது, அதற்கு மேலே உள்ள மண் எப்படி இருக்கிறது என்று அந்த வாலிபர்கள் கொப்பியில் எழுத வேண்டும். போதகரும் பங்குத்தந்தையும் அந்தக் கொப்பியோடு பிரதேச செயலகத்துக்குப் போய், காணி கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.