வரவேற்பறைக்குப் புதுப்பொலிவு: லோஹேகாவ் வீட்டில் எதற்கு முதற்செலவு?

மழை ஓயத் தொடங்கும் செப்டம்பர் மாதக் கடைசியில், தீபாவளிக்கு முன் வரவேற்பறையைப் புதுப்பிக்கக் கடன் கிடைக்குமா என்று கேட்டு வாடிக்கையாளர்கள் எங்களை அணுகுவது வழக்கம். புனே நகரின் வடகிழக்கே உள்ள லோஹேகாவில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தாரும் அவர்களுள் உண்டு. விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்று அங்கேயே வீடு வாங்கியோர் சிலர். விமான் நகர், கராடி பகுதிகளின் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளையோர் சிலர். பலருடைய கைப்பேசியில் சோஃபா, தொலைக்காட்சிக்கான பலகைச் சுவர், ஃபால்ஸ் சீலிங் ஆகியவற்றின் படங்கள் இருக்கும். செலவு மதிப்பீடு மட்டும் இராது. அறையை அழகுபடுத்துவது எப்படி என்பதை உள் அலங்கார வல்லுநர் சொல்வார். எந்தச் செலவு முன்னே, எது பின்னே, எந்தக் கடன் எதற்கு என்பதை நாங்கள் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது சுவரை. புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் வெளிச்சுவர் ஈரம் உறிஞ்சியிருந்தால், அதன் உட்புறம் எத்துணை விலையுயர்ந்த வண்ணம் பூசினாலும் அடுத்த மழைக்கே கொப்புளித்து உரியும். கசிவை அடைத்து, சுவர் நன்கு உலர்ந்த பின்னரே பட்டி பார்த்து வண்ணம் பூசுதல் வேண்டும். அந்தக் கசிவைச் சரிசெய்யும் செலவு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ தெரியவரும் குறைகளை, அறிவிக்கப்பட்ட 30 நாள்களுக்குள் கட்டுநரே தம் செலவில் நீக்கித் தர வேண்டும் என்கிறது. லோஹேகாவ், தானோரி பகுதிகளில் புதிய அடுக்குமாடிகள் மிகுதி. ஆகவே பலருக்கு இந்த 5 ஆண்டு இன்னும் முடிந்திராது. கசிவின் படங்களுடன் கட்டுநருக்கு எழுத்து வழி முறையிடுங்கள். அதற்கு முன்பே சுவரை உடைத்தோ ஓடு பதித்தோ மாற்றம் செய்துவிட்டால், குறைக்குக் காரணம் உங்கள் வேலைதான் என்று அவர் வாதிட வழியாகும்.

சுவரை உடைப்பது பற்றியும் ஓர் எச்சரிக்கை. வரவேற்பறைக்கும் பால்கனிக்கும், அல்லது அடுக்களைக்கும் இடையிலுள்ள சுவரை நீக்கி ஒரே கூடமாக்குவது இன்றைய நாகரிகம். ஆனால் அலுமினிய அச்சுகளில் கான்கிரீட் ஊற்றிக் கட்டும் மைவான் முறைக் கட்டடங்களில், சுவர்களே பெரும்பாலும் பாரம் தாங்கும் உறுப்புகள். அங்கே ஒரு சுவரில் வாயில் திறப்பது மேல்தளத்தாரின் தரையைத் தொடும் செயல். உங்கள் கட்டடம் எம்முறையினது என்று கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு அறியுங்கள். சுவரில் கைவைக்கும் எந்த மாற்றத்துக்கும் வீட்டுவசதிச் சங்க நிர்வாகக் குழுவின் முன் அனுமதி வேண்டும் என்பது மகாராஷ்டிரத்தில் நடைமுறையிலுள்ள மாதிரி விதி. பின்னாளில் வீட்டை விற்கும்போது அந்த அனுமதிக் கடிதம் உதவும்.

அடுத்தது ஒலி. லோஹேகாவுக்கே உரிய செலவு இது. 1939இல் தொடங்கப்பட்ட விமானப்படைத் தளமும் புனேயின் பயணியர் விமான நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துகின்றன. சுகோய் போர் விமானம் மேலெழும்போது தொலைக்காட்சி கேளாது, உரையாடல் நிற்கும். எத்துணை அழகான அறையாயினும், அதில் அமர்ந்து பேச முடியாவிடில் பயன் என்ன? ஒலி சுவரைத் துளைத்து வருவதைவிடச் சன்னல் இடுக்குகளின் வழியே வருவதே அதிகம். நழுவிச் செல்லும் அலுமினியச் சன்னல்களின் தடங்களில் எப்போதும் இடைவெளி உண்டு. ரப்பர் பட்டையின் மீது அழுந்தி மூடும் கதவுச் சன்னல் அதனினும் மேலானது. கண்ணாடியை மாற்றுவதாயின், இரு தகடுகளுக்கிடையே மென்படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி ஒலியை நன்கு தணிக்கும். கனத்த திரைச்சீலை வாங்கினால் ஒலி நின்றுவிடும் என்று கடைக்காரர் சொல்வதை முழுதும் நம்ப வேண்டா. திரையும் விரிப்பும் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வரும் தாழ்ந்த உறுமலை அவை தடுப்பதில்லை. எங்கள் கருத்தில், இவ்வூர் வீட்டின் வரவேற்பறைச் செலவில் சோஃபாவுக்கு முந்திய இடம் சன்னலுக்கே. மாறாக, வண்ணம், விளக்கு, மரவேலை ஆகியவற்றில் விலைப் போட்டி மிகுதியாதலால் பேரம் பேச இடமுண்டு. வண்ணப் பூச்சாளர் சொல்லும் சதுர அடி விலை தரைப்பரப்புக்கா, பூசும் சுவர்ப்பரப்புக்கா என்று கேளுங்கள். 15 அடிக்கு 11 அடி அறையின் தரை 165 சதுர அடி. 9½ அடி உயரமுள்ள நான்கு சுவர்களோ, சன்னல் கதவுகளைக் கழிக்குமுன் 494 சதுர அடி. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்னும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பால்கனியை ஒட்டிய இடத்துக்கு அதிலும் பி.டபிள்யூ.ஆர். வகையைக் கேளுங்கள். மரம் வாங்கப் புனேயின் பவானி பேட்டைக்குச் செல்வோர், தரைக்கு நம் ஈரோட்டுப் பவானியின் ஜமக்காளத்தை விரிக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைத்தறி விரிப்பு எந்த நவீன அறைக்கும் பொருந்தும்.

இனிக் கடனைப் பார்ப்போம். ரூ.3 இலட்சம் தேவை என்று கொள்வோம். வட்டி விகிதங்கள் வங்கிக்கு வங்கி மாறும், கீழ்க்கண்டவை விளக்கத்துக்கானவை. 12 சதவீத வட்டியில் 3 ஆண்டுத் தனிநபர் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.9,964, மொத்த வட்டி ரூ.58,700. நடப்பிலுள்ள வீட்டுக் கடனின் மேல் 'டாப்-அப்' எனப்படும் கூடுதல் கடனை 9 சதவீதத்தில் 15 ஆண்டுக்குப் பெற்றால் தவணை ரூ.3,043 மட்டுமே. ஆனால் மொத்த வட்டியோ ரூ.2,47,700! வட்டி விகிதம் குறைவு, தவணை குறைவு. செலவு மட்டும் நான்கு மடங்கு. அந்த சோஃபா கிழிந்து, அடுத்ததும் வாங்கிய பின்னரும் முதல் சோஃபாவின் தவணை ஓடிக்கொண்டிருக்கும். அதே 9 சதவீதக் கடனை 5 ஆண்டில் முடித்தால் தவணை ரூ.6,228, வட்டி ரூ.73,650, 3 ஆண்டில் முடித்தால் தவணை ரூ.9,540, வட்டி ரூ.43,400. ஆகவே 'டாப்-அப்' கடன் தீயதன்று. அதன் நீளமே தீயது. பொருளின் ஆயுளைக் கடனின் ஆயுள் விஞ்சலாகாது. சன்னல், நீர்க்கசிவுத் தடுப்பு போன்று கட்டடத்தோடு நிலைப்பவற்றுக்கு நீண்ட தவணை தகும். மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற, தொழில் சாராத கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதக் கட்டணம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. போனஸ் வரும் மாதத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஓய்வூதியர்கள் சிறு தொகைக்குத் தங்கள் நிரந்தர வைப்பை உடைக்க வேண்டியதில்லை. வைப்பின் மீது கடன் பெற்றால், வைப்புக்குரிய வட்டியைவிடச் சற்றே கூடுதலான வட்டியில் தேவை நிறைவேறும், வைப்பும் தொடரும்.

கடைகளின் 'வட்டியில்லாத் தவணை'யைப் பற்றிக் கேட்போர் பலர். அப்படி ஒன்று இல்லை என்று 2013ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடியை இழப்பதும், செயலாக்கக் கட்டணம் செலுத்துவதும் வட்டியின் மாற்றுருவங்களே. 2024 அக்டோபர் 1 முதல், கடன் தருவோர் அனைத்துக் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதத்தை முக்கியத் தகவல் அறிக்கையில் காட்ட வேண்டும். இரு கடன்களை ஒப்பிடுகையில் அந்த ஓர் எண்ணைப் பாருங்கள்.

வரிச்சலுகை சிறிது உண்டு. பழைய வரிமுறையைத் தேர்ந்தவர், தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழித்துக்கொள்ளலாம். வீட்டுக் கடன் வட்டிக்கான ரூ.2 இலட்ச வரம்புக்குள் இதுவும் அடங்கும். புதிய வரிமுறையில் இச்சலுகை இல்லை. சோஃபாவும் தொலைக்காட்சியும் எம்முறையிலும் வீட்டைப் பழுதுபார்த்தல் ஆகா. எனவே கட்டட வேலைக்குரிய ரசீதுகளைத் தனியே பெறுவது நலம்.

ஒப்பந்ததாரருக்கு முழுத்தொகையையும் முன்பணமாகத் தர வேண்டா. வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக வங்கிக் கணக்கின் வழியே செலுத்துங்கள். இறுதிப் பகுதியை, புதிய சன்னலை மூடிவைத்து ஒரு விமானம் மேலெழும் வரை காத்திருந்து கேட்ட பின் கொடுங்கள்.