துபாய்க்கு லக்ஸுரி ட்ரிப்பா? பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி காலண்டரைத் திறங்க!

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. ஆளே இல்லாத நீச்சல் குளம், பின்னால் நீலக்கடல், தூரத்தில் புர்ஜ் கலீஃபா. ‘நம்ம வெட்டிங் டேவுக்கு இங்கதான்’ என்று லிங்க்கை இணைக்கு அனுப்பியும் இருப்பீர்கள். தேடிப் பார்த்தால், ஜூலை மாதத்தில் ஐந்து நட்சத்திர ஹோட்டல் அறை நம்பவே முடியாத விலையில் கிடைக்கும். ‘அட, நம்ம பட்ஜெட்டுக்குள்ளயே வருதே!’ என்று கார்டை எடுக்கும் முன் ஒரு நிமிடம்.

அந்த விலை சும்மா குறையவில்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் துபாயின் பகல் வெப்பம் சர்வ சாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும். கூடவே கடலோர ஊருக்கே உரிய புழுக்கம். ‘கத்திரி வெயிலையே பார்த்தவங்க நாங்க’ என்று சொல்லாதீர்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணிவரை திறந்தவெளியில் நேரடி வெயிலில் தொழிலாளர்களை வேலைவாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த ஊரைக் கட்டியெழுப்பியவர்களையே (நம்மூர்க்காரர்களும் அதில் ஏராளம்) நிழலுக்குப் போகச் சொல்லும் நேரத்தில், நீங்கள் காசு கொடுத்து மணலில் போய் நிற்கப்போகிறீர்களா?

துபாயில் பணத்தால் பனிச்சறுக்குத் தளத்தைக்கூட கட்டிவிட்டார்கள். 2005-லிருந்து மால் ஆஃப் தி எமிரேட்ஸுக்குள் ‘ஸ்கை துபாய்’ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால், வெளியில் அடிக்கும் வெயிலை யாராலும் குறைக்க முடியவில்லை. அதனால் இங்கே சொகுசு என்பது அறைக்கு எத்தனை நட்சத்திரம் என்பதைவிட, எந்த மாதம், எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். புத்தாண்டு வாணவேடிக்கைக்காக ஊரே திரளும், விலையும் வானத்துக்குப் போகும். இன்னொன்று, ரம்ஜான். ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள்கள் முன்னால் நகர்ந்து இப்போது சீசனுக்குள்ளேயே வந்துவிட்டது. 2027-ல் பிறையைப் பொறுத்து பிப்ரவரி இரண்டாம் வாரத்தையொட்டி தொடங்கும். அப்போது போகவே கூடாது என்றில்லை. பகலில் ஊர் மெதுவாக நகரும், பொது இடத்தில் சாப்பிடாமல் அடக்கி வாசிக்க வேண்டும். ஆனால், இஃப்தாருக்குப் பிறகான இரவுகள் வேற லெவல்!

‘ஆபீஸ்ல மே மாசம்தான் லீவு’ என்கிறீர்களா? அப்படியென்றால் அதை ‘இண்டோர்’ ட்ரிப்பாகவே திட்டமிடுங்கள். நல்ல ஹோட்டல், குளிரூட்டப்பட்ட நீச்சல் குளம், மால், அக்வேரியம், சூரியன் மறைந்த பிறகு வெளியே. அதுவும் ஒருவகையில் சுகம்தான். கோடை உச்சத்தில் மிராக்கிள் கார்டன், குளோபல் வில்லேஜ் எல்லாம் மூடியிருக்கும் என்பது தெரிந்தால், போய் ஏமாற வேண்டியதில்லை.

இப்போது பணம். புக்கிங் ஆப்பில் 1,000 திர்ஹம் என்று காட்டும் அறை பெரும்பாலும் 1,000 திர்ஹம் இல்லை. சர்வீஸ் சார்ஜ் 10%, மாநகராட்சிக் கட்டணம் 7%, வாட் வரி 5% சேர்ந்தால் 1,200-ஐத் தாண்டிவிடும். இது போக, ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 20 திர்ஹம் ‘டூரிஸம் திர்ஹம்’. இதைப் பெரும்பாலும் ஹோட்டலிலேயே கட்டச் சொல்வார்கள். ‘வரிகள் உட்பட’ என்ற விலையைத் தேடிப்பிடித்து ஒப்பிடுங்கள். செக்-இன் செய்யும்போது டெபாசிட்டாக ஒரு தொகையை கார்டில் நிறுத்திவைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் அது திரும்பிவர நாளாகலாம், அந்த இடத்தில் கிரெடிட் கார்டே நல்லது.

எல்லா இரவும் சொகுசு ஹோட்டலில் தங்க வேண்டும் என்று அவசியமே இல்லை. இதுதான் பலர் செய்யும் தவறு. காலையில் கிளம்பி ராத்திரி பத்து மணிக்குத் திரும்பும் நாளில், கடலைப் பார்த்த பால்கனி யாருக்காக? ஊர் சுற்றும் முதல் இரண்டு நாள்கள் மெட்ரோவை ஒட்டிய நல்ல, நடுத்தர ஹோட்டல் போதும். கடைசி இரண்டு இரவுகளை ரிசார்ட்டுக்கு ஒதுக்குங்கள். அந்த இரண்டு நாளும் வெளியே எந்த ப்ளானும் வேண்டாம். உதாரணத்துக்கு, பாம் ஜுமேராவில் இருக்கும் அட்லான்டிஸில் தங்குபவர்களுக்கு அங்குள்ள அக்வாவென்ச்சர் நீர்ப் பூங்காவுக்குத் தனி டிக்கெட் கிடையாது. அந்த டிக்கெட் காசையும் கழித்துப் பார்த்தால் கணக்கு அவ்வளவு பயமுறுத்தாது.

புர்ஜ் அல் அராப் பற்றியும் சொல்ல வேண்டும். 1999-ல் திறக்கப்பட்ட, பாய்மர வடிவக் கட்டடம். ‘ஏழு நட்சத்திரம்’ என்பது வாய்வழியாகப் பரவிய பட்டம். அதிகாரபூர்வமாக அது ஐந்து நட்சத்திரம்தான். முன்பதிவு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. உள்ளே பார்க்க ஆசை என்றால் மாலைத் தேநீருக்கோ, வழிகாட்டியுடன் சுற்றிப்பார்க்கவோ புக் செய்தால் போதும்.

828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவில் 124-வது தளமா, 148-வது தளமா என்று குழம்பாதீர்கள். என்னைக் கேட்டால் 124 போதும், முக்கியம், நேரம். சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்பு ஏறினால் பகல், அந்தி, விளக்கொளி மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம். அந்த நேரத்துக்குக் கட்டணம் அதிகம், சீக்கிரம் விற்றும்போகும். இந்தச் செலவு நியாயமானது. உயரம் எவ்வளவு வித்தியாசம் என்றால், 80-வது தளத்துக்கு மேல் வசிப்பவர்களுக்கு அஸ்தமனம் தாமதமாகத் தெரிவதால் நோன்பு திறக்க 2 நிமிடமும், 150-க்கு மேல் 3 நிமிடமும் பொறுக்கச் சொல்லி 2011-ல் மார்க்க அறிஞர் அறிவுறுத்தினார்!

அடுத்து, பாலைவனம். வழக்கமான சஃபாரி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மணல்மேட்டில் வண்டி குதிக்கும், மெஹந்தி, பஃபே, நடனம். ஜாலிதான், ஆனால் கும்பல். முதுகுவலி இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் அந்தக் குலுக்கலைத் தவிர்க்க வேண்டும். துபாய்க்கு வந்த காசுக்கு ஒரே ஒரு ஆடம்பரம்தான் செய்ய முடியும் என்றால், நான் அதைப் பாலைவனப் பாதுகாப்பு வனப்பகுதியில் செய்வேன். அங்கே ‘அல் மஹா’ என்ற ரிசார்ட்டில் ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளம். ஒருகாலத்தில் காட்டிலிருந்தே அழிந்துபோய், மீட்டுக் கொண்டுவரப்பட்ட அரேபிய ஓரிக்ஸ் மான்கள் சுற்றித் திரியும். ‘மஹா’ என்பதே அந்த மானின் பெயர்தான். தங்க முடியாவிட்டால், அதே வனப்பகுதிக்குள் அழைத்துப்போகும் அமைதியான சிறு குழுப் பயணங்கள் இருக்கின்றன. விடியற்காலையில் போங்கள். நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் என்பதால், முதல் இரண்டு நாள்கள் அலாரம் இல்லாமலே முழிப்பு வந்துவிடும்.

செலவே இல்லாத சுகமும் உண்டு. டெய்ராவுக்கும் பர் துபாய்க்கும் இடையே க்ரீக்கில் ‘அப்ரா’ என்ற மரப்படகு ஓடுகிறது, கட்டணம் ஒரு திர்ஹம். சாயங்காலம் ஏறுங்கள். இறங்கி, பழைய காற்றுக் கோபுர வீடுகள் நிற்கும் அல் ஃபஹிதி சந்துகளில் நடந்தால், ஏசி வருவதற்கு முன் இந்த ஊர் எப்படிக் குளிர்ந்தது என்று புரியும். பசித்தால் கராமா பக்கம்தான், மசால் தோசைக்குக் கவலையில்லை.

போன் விஷயம்: அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், ஆனால் கால் போகாது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அம்மா பதறிவிடுவார். கடையில் கார்டு மெஷின் ‘ரூபாயா, திர்ஹமா’ என்று கேட்டால் திர்ஹமையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைப்பதுதான் மாற்று விகிதம். தெரியாதவர்கள் முகம் விழும்படி போட்டோ எடுத்து ஸ்டோரி போடாதீர்கள், அங்கே அது சட்டச் சிக்கல். 2024 ஏப்ரல் 16 பெருமழையில் விமான நிலையமே ஸ்தம்பித்தது. அதனால் ரீஃபண்ட் கிடைக்கும் புக்கிங்கும் டிராவல் இன்ஷூரன்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக பெட்டி. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரைகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. டாக்டர் சீட்டோடு, அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்அனுமதியும் வாங்க வேண்டும். நம் சமையலறையின் கசகசாவோ அங்கே தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. பொட்டலமாக எடுத்துப்போக மாட்டீர்கள்தான். ஆனால் ஊரிலிருந்து ‘அங்க இருக்கிற சித்திகிட்ட குடுத்துடு’ என்று ஒரு குருமா மசாலா டப்பா வரும். பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்: “இதுல கசகசா அரைச்சிருக்கீங்களா?”